மேனேஜரைப் புதைத்த இடம்

போன வாரம் விடுதி வாசலில் வாடகைக் கார் ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து முதலில் ஒரு கைத்தடியும், பிறகு ஒரு செருப்புக் காலும் இறங்கின. அதோடு கதையை நிறுத்திவிட்டேன் என்று நாலைந்து பேருக்கு என்மேல் கோபம். "பெரியவளுக்கு மாப்பிள்ளை வந்துவிட்டாரா?" என்றுகூட ஒரு வாசகி கேட்டுவிட்டார். அட ஆண்டவா! வந்தவர் எழுபதை நெருங்குகிறவர். இடுப்பு ஆபரேஷன் முடிந்து இப்போதுதான் தனியாக நடக்கப் பழகியிருக்கிறார். கடிகாரம் ரிப்பேர் பார்க்கிறவர்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு மட்டும் நாலு வரி. பெரியவளும் அவள் தம்பியும் சேர்ந்து நாய், பூனைகளுக்கு ஒரு விடுதி நடத்துகிறார்கள். வெளியூர் போகிறவர்களும் ஆஸ்பத்திரியில் படுக்கிறவர்களும் தங்கள் பிராணிகளை இங்கே விட்டுவிட்டுப் போவார்கள். குளிப்பாட்டுவது, மருந்து கொடுப்பது, கொஞ்சுவது, திட்டுவது எல்லாம் பெரியவள். வேனில் ஏற்றிக்கொண்டு வருவதும் கொண்டுபோய் விடுவதும் தம்பி. சமையல் தம்பி பெண்டாட்டி. அந்த வீட்டில் மனிதர்களுக்குச் சோறு பிந்தினாலும் பிந்தும், நாய்களுக்குப் பிந்தாது.

விடுதிக்கு என்று ஒரு பழக்கம் உண்டு. ஒரு பிராணி வீடு திரும்பினால், மறுநாள் காலையில் போன் போட்டு, "முதல் வேளை சாப்பிட்டுச்சா?" என்று கேட்டுவிட வேண்டும். நாள் கணக்கில் பிரிந்திருந்துவிட்டுப் போகிற நாய் கோபத்தில் தட்டைத் தொடாது. அது தட்டைத் தொட்டுவிட்டது என்று காதால் கேட்ட பிறகுதான் பெரியவளுக்குக் காபி இறங்கும்.

கடிகாரக்காரரின் நாய்க்கு மேனேஜர் என்று பெயர். நாள் முழுக்கக் கடை வாசலில் உட்கார்ந்து, எந்த வேலையும் செய்யாமல், வருகிறவர்களை எல்லாம் மேலும் கீழும் பார்ப்பதால் அவர் வைத்த பெயர் அது. கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது மேனேஜரை இங்கேதான் விட்டார். ஆபரேஷன் முடிந்து மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். மேனேஜரையும் அங்கேயே கொண்டுபோய் விட்டுவிட்டதாகத் தம்பி சொன்னான். பெரியவள் அன்று கண்ணைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். மறுநாள் போன் போட எண்ணைத் தேடியவளிடம், "நானே கேட்டுட்டேன்க்கா. தட்டை நக்கிக் காலி பண்ணிட்டானாம். இன்னும் கொண்டான்னு குரைச்சானாம்" என்று சிரித்தான். அவளும் சிரித்தாள். அது நடந்து ஒரு மாதம் இருக்கும்.

சரி, வாசலுக்கு வருவோம்.

"வாங்கய்யா! நடக்கவே ஆரம்பிச்சுட்டீங்களே!" என்று கையில் சோப்பு நுரையோடு ஓடிவந்தாள் பெரியவள்.

கடிகாரக்காரர் கேட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். நன்றாக இஸ்திரி போட்ட சட்டை. தலையைப் படிய வாரியிருந்தார்.

"உங்களுக்குத் தொந்தரவு குடுக்க வரலம்மா. மேனேஜரைப் புதைச்ச இடத்தை ஒரு தடவை காட்டிட்டீங்கன்னா பார்த்துட்டுப் போயிடுவேன். எம் பொண்ணு மத்தியானம் வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கு."

பெரியவள் ஏதோ கேட்க வாயைத் திறந்தாள். நுரைக் கையாலேயே அதைப் பொத்திக்கொண்டாள்.

அவர் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார். "நீங்க கலங்காதீங்கம்மா. உங்க தம்பி போன்ல அழுத அழுகையிலேயே தெரிஞ்சுபோச்சு, அவனை எவ்வளவு பாசமா வச்சிருந்தீங்கன்னு. எனக்கு ஆறுதல் சொல்லவேண்டிய மனுஷன், கடைசியில நான்தான் அவருக்கு ஆறுதல் சொன்னேன்."

அழுதானாம். யார்? தட்டை நக்கிக் காலி பண்ணிவிட்டது என்று இவளிடம் சிரித்தவன்!

"உக்காருங்கய்யா. தம்பி வர்ற நேரம்தான். டீ போடச் சொல்றேன்" என்று வராந்தாவில் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனாள். நடந்து போனாளா, கால் தானாகக் கூட்டிக்கொண்டு போனதா, அவளுக்கே தெரியாது.

சமையலறையில் பெரிய அடுப்பில் நாய்களுக்கான சோறும் கறியும் ஒன்றாகக் கொதித்துக்கொண்டிருந்தன. தம்பி பெண்டாட்டி நீளக் கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தாள்.

"கடிகாரக்கார ஐயா வந்திருக்கார். மேனேஜர் செத்துப்போச்சாமே?"

கரண்டி நின்றது. அவள் திரும்பவில்லை.

"உன்னைத்தான் கேக்கறேன்."

"உங்க தம்பி வந்ததும் அவர்கிட்டயே கேட்டுக்கோங்க அண்ணி."

"அப்ப உனக்குத் தெரியும்."

"அடி பிடிக்குது அண்ணி" என்று அவள் மறுபடி கிளற ஆரம்பித்தாள். அடியும் பிடிக்கவில்லை, ஒன்றும் பிடிக்கவில்லை. இப்போதுதான் கொதி வந்திருந்தது.

தம்பியின் வேன் வந்து பின்பக்கம் நின்றது. இரண்டு பூனைக் கூடைகளை இறக்கிக்கொண்டே ஏதோ பாட்டை முணுமுணுத்தான். பெரியவள் போய் எதிரே நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் முணுமுணுப்பு நின்றுபோனது.

"மேனேஜர் எங்கடா?"

"எந்த மேனேஜர்?"

"உன் மாமனார் வீட்டு மேனேஜர்! வராந்தாவுல கடிகாரக்காரர் உக்காந்திருக்கார். புதைச்ச இடத்தைக் காட்டுங்கறார்."

தம்பி கூடையை மெல்லக் கீழே வைத்தான். உள்ளே பூனை கத்தியது. அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

"உன்கிட்ட எப்படிக்கா சொல்வேன்? நீ கண் ஆஸ்பத்திரிக்குப் போன அன்னைக்குக் காலையில எழுந்திருக்கவே இல்ல. தூக்கத்துலயே போயிடுச்சு. ஏற்கெனவே அந்தப் பழுப்பு நாய்க்குட்டி செத்தப்ப நீ மூணு நாள் சாப்பிடல. கண்ணுல மருந்து ஊத்தியிருக்கு, அழக்கூடாதுன்னு டாக்டர் வேற சொன்னாரு. அதான் மறைச்சுட்டேன். தப்புத்தான். அடி, வாங்கிக்கறேன்."

சொல்லும்போதே குரல் உடைந்தது. பெரியவளுக்கு வந்த கோபம் பாதியிலேயே கரைந்துவிட்டது. பாவி, எனக்காகவா இத்தனை நாள் மனசில் வைத்துப் புழுங்கினான் என்று அவன் முதுகைத் தடவிக்கூடக் கொடுத்தாள். நானும் எழுதும்போதே பல்லைக் கடித்துக்கொள்கிறேன், ஆனால் தடவிக் கொடுத்தாள். கூடப் பிறந்தவன் அழுதால் யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்?

"எங்க புதைச்ச?"

"பின்னால, குளிப்பாட்டுற மேடைக்கும் சுவருக்கும் நடுவுல."

"போ. அவரைக் கூட்டிட்டு வா. மெதுவா, கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வா."

அவன் அப்படியேதான் கூட்டிவந்தான். ஒரு கை அவர் தோளில், இன்னொரு கை முழங்கைக்குக் கீழே. சொந்த மகன் அப்படிப் பிடிப்பானா என்பது சந்தேகம். மேடைக்கும் சுவருக்கும் நடுவே, புல் முளைத்த ஓர் இடத்தைக் காட்டினான்.

"இங்கதான்யா."

கடிகாரக்காரர் செருப்பைக் கழற்றினார். குனிய முடியவில்லை. தம்பி தாங்கிக்கொள்ள, கைத்தடியை ஊன்றி ஒரு வழியாக மேடை விளிம்பில் உட்கார்ந்து, புல்லின்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"தம்பி, முகத்தை எந்தப் பக்கம் வச்சீங்க? அவன் எப்பவும் வாசலைப் பார்த்துத்தான் படுப்பான். சுவரைப் பார்த்துப் படுத்தா அவனுக்குத் தூக்கம் வராது."

"எனக்குத் தெரியாதாய்யா? வாசல் பக்கமாத்தான் வச்சேன். அவன் விரிப்பையும் கூடவே போட்டுட்டேன்."

"நல்லா இருப்பீங்க தம்பி. நல்லா இருப்பீங்க."

பின்னால் நின்ற பெரியவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த இடத்தைப் பார்த்தாள். துடைத்த கை அப்படியே நின்றது.

அந்த இடத்தில் எப்படிப் புதைக்க முடியும்?

குளிப்பாட்டும் மேடையிலிருந்து கழிவுத் தண்ணீர் போகிற குழாய் அங்கேதான் ஓடுகிறது. போன மழைக்காலத்தில் அது உடைந்தபோது ஆளை வைத்துத் தோண்டிப் பார்த்தாள். ஒரு ஜாணுக்குக் கீழே குழாய், குழாயைச் சுற்றிச் சிமெண்ட். ஒரு பூனைக்குட்டியைக்கூட அங்கே புதைக்க முடியாது, மேனேஜரோ கன்றுக்குட்டி கனம். அந்த வாரம் பூராவும் தம்பி மாமனார் வீட்டில் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அதனால் அவனுக்கு அது தெரியாது.

குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். இவன் குழிகூடப் பறிக்கவில்லை. வெறும் புல்லைக் காட்டுகிறான், அந்த மனிதர் அதைத் தடவிக்கொண்டிருக்கிறார்.

பொய் சொன்னதுகூடப் பரவாயில்லை. எவ்வளவு நன்றாகச் சொல்கிறான்! வாசல் பக்கமாக முகமாம், விரிப்பாம். இதே முகத்தை வைத்துக்கொண்டு இத்தனை வருஷமாக இவளிடம் எத்தனை சொல்லியிருக்கிறான்? எது நிஜம், எது புளுகு என்று இனி எங்கே போய்த் தேடுவாள்?

"ஐயா, நீங்க கொஞ்சம் இருங்க. டேய், உள்ள வா."

தீவன மூட்டைகள் அடுக்கிய அறைக்குள் அவனை இழுத்துக்கொண்டு போனாள். அங்கே தம்பி பெண்டாட்டி ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

"அந்த இடத்துல குழாய் ஓடுதுடா. கடப்பாரை போட்டா ணங்குன்னு சத்தம் வரும். இப்பவாவது சொல்லு. நாய் எங்க?"

தம்பி மனைவியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

"அவரோட பொண்ணுதான் போன் பண்ணுச்சு" என்றான். இப்போது குரலில் அழுகை இல்லை, எரிச்சல்தான் இருந்தது. "நாய்ச் சங்கிலி கால்ல மாட்டித்தான் அப்பா விழுந்தார். இன்னொரு தடவை விழுந்தா எழுந்திருக்க மாட்டார். நாயை வேற யாருக்காவது குடுத்தா, இருக்கற இடம் தேடிப் போயிடுவார். செத்துப்போச்சுன்னு சொன்னாத்தான் அடங்குவார்னு அழுதுச்சு. நான் என்ன பண்ண?"

"நீ என்ன பண்ணின? அதைச் சொல்லு."

"ஆத்துப் பக்கம் ஒரு மரக்கடைக் கிடங்கு இருக்கு. காவலுக்கு நாய் வேணும்னாங்க. குடுத்துட்டேன்."

"சும்மாவா?"

அவன் பார்வை ஜன்னல் வழியே வேன்மேல் போனது. பெரியவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது. வேன் இன்ஜின்! செத்துக் கிடந்த இன்ஜினுக்குப் போன மாதம் திடீரென்று உயிர் வந்ததே, சிநேகிதன் உதவி செய்தான் என்று சொன்னானே. அந்த வேனில் முன்சீட்டில் உட்கார்ந்து இவள் எத்தனை தடவை போய்வந்திருப்பாள்!

"ஒரு நாயை வித்த காசுல இன்ஜின் வராது. ரெண்டு பக்கமும் வாங்கியிருக்க. அந்தப் பொண்ணுகிட்டயும் வாங்கியிருக்க, கிடங்குக்காரன்கிட்டயும் வாங்கியிருக்க."

"வீட்டுக்குத்தானேக்கா செலவு பண்ணினேன்? நானா குடிச்சுத் தீர்த்தேன்?"

"சாப்பாட்டுல உப்புப் போட்டுத்தானே சாப்பிடற? அது வாயில்லா ஜீவன்டா. நம்மளை நம்பி விட்டுட்டுப் போனாரு."

அப்போதுதான் தம்பி பெண்டாட்டி வாயைத் திறந்தாள். "நான் ஒரு நாள் போய்ப் பார்த்தேன் அண்ணி. வெயில்ல கட்டிப் போட்டிருக்காங்க. இளைச்சுப்போச்சு. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்னு வாலை ஆட்டுச்சு."

"அப்புறம்?"

"வந்துட்டேன்."

அவ்வளவுதான் சொன்னாள். பெரியவள் ஒரு மூட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டாள். வெளியாள் ஏமாற்றினால் திட்டித் தீர்க்கலாம், சாபம் கொடுக்கலாம். ஒரே சட்டியில் சாப்பிட்டு, ஒரே கூரையில் தூங்கி, கண்ணுக்கு வேளா வேளைக்கு மருந்து ஊற்றிவிட்ட இரண்டு பேரும் நம்பவைத்துக் கழுத்தறுத்திருக்கிறார்கள். அந்த மருந்தை ஊற்றியவள் எதிரே நிற்கிற தம்பி பெண்டாட்டிதான்.

"வேன் சாவி எங்க?"

"அக்கா, நான் சொல்றதைக் கேளு…"

"போ. போய் மேனேஜரைக் கூட்டிட்டு வா. அவன் குடுக்கலைன்னா வேனை அங்கேயே நிறுத்திட்டு நாயை வாங்கு. நாய் வரலைன்னா நீயும் வராதே."

தம்பி வாசற்படியை மறித்துக்கொண்டு நின்றான். "இப்ப அவர்கிட்டச் சொல்லப்போறியா? யோசிச்சுப் பாரு. நாளைக்கே ஊர் பூராவும் தெரியும். ஒருத்தனும் ஒரு பூனைக்குட்டியைக்கூட நம்மகிட்ட விடமாட்டான். சரி, நம்ம வீடு போகட்டும். அவர் கடையையும் மூடிட்டாரு, பொண்ணு வீட்டை விட்டா அவருக்குப் போக்கிடம் இல்ல. அந்தப் பொண்ணுதான் சோறு போடுது, கை பிடிச்சு நடத்துது. நீ உண்மையைச் சொல்லி அந்த வீட்டையும் சேர்த்து உடைக்கப்போற. பாவம் அந்த மனுஷன், நாயை மறந்துட்டு நிம்மதியா இருக்கட்டுமே."

இந்தப் பேச்சில் கொஞ்சம் நியாயம் இருந்தது. அதுதான் பெரியவளுக்கு எல்லாவற்றையும்விட எரிந்தது.

"வழி விடு" என்றாள்.

கடிகாரக்காரர் இன்னும் மேடை விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தார். பெரியவள் அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள். வேன் கிளம்பிப் போகிற சத்தம் கேட்கும்வரை பொறுத்திருந்தாள்.

"ஐயா, கையை எடுங்க. அங்க ஒண்ணும் இல்ல."

"என்னம்மா?"

"மேனேஜர் சாகல. உசிரோட இருக்கான். மரக்கடையில காவலுக்குக் கட்டியிருக்காங்களாம். எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். எங்க வீட்டுல உங்களை ஏமாத்திட்டோம்யா. தம்பி கூட்டிட்டு வரப் போயிருக்கான்."

அவர் அவளையே பார்த்தார். பிறகு தொடையைத் தட்டிச் சிரித்தார். நிஜமாகவே சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை.

"நான் நினைச்சேன்! அவனாவது, சாகறதாவது! காய்ச்சல்னு ஒரு நாள் படுத்திருப்பானா? என் ராஜா!" கைத்தடியால் தரையைத் தட்டினார். "உங்க தம்பியை நான் அப்புறம் கவனிச்சுக்கறேன். கையில கிடைச்சா ரெண்டு போடுவேன். அது இருக்கட்டும். முதல்ல என் பொண்ணுக்குப் போன் பண்ணணும். பாவம்மா அது. சேதி தெரிஞ்ச அன்னைக்கு என் கையைப் பிடிச்சுக்கிட்டு என்னைவிட அதிகமா அழுதுச்சு. அந்தப் பொண்ணையும்ல உங்க தம்பி ஏமாத்திட்டான்!"

பெரியவள் தரையிலிருந்து ஒரு புல்லைப் பிடுங்கினாள்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பழியெல்லாம் இந்த வீட்டோடு போகும், அவர் வீடு பிழைத்துக்கொள்ளும். தலையை ஆட்டினால்கூடப் போதும். கழுத்து அசைய மறுத்தது. காலையிலிருந்து அவள் கேட்ட ஒவ்வொரு பொய்யும் யாரோ ஒருவருடைய நன்மைக்காகச் சொன்னதுதான். இன்னும் ஒன்றைத் தன் பங்குக்குச் சேர்க்க அவளால் முடியவில்லை.

"என்னம்மா, பேசாம இருக்கீங்க?"

"அதை உங்க பொண்ணுகிட்டயே கேளுங்கய்யா."

அவர் முகத்திலிருந்து சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனது. அதைப் பார்க்காமல் இருக்கப் பெரியவள் என்ன வேண்டுமானாலும் கொடுத்திருப்பாள். அவர் கழற்றி வைத்த செருப்பைத் தேடிக் காலில் மாட்டிக்கொண்டார். தம்பி பெண்டாட்டி டீ கொண்டுவந்து வைத்தாள். டீ ஆறிப்போனது.

மகள் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டாள். ஆபீஸிலிருந்து பாதி நாள் லீவு போட்டுவிட்டு, அப்பாவின் மாத்திரைப் பையையும் தண்ணீர் பாட்டிலையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எழுதச் சுலபமாக இருந்திருக்கும்.

"என்னப்பா, வெயில்ல உக்காந்திருக்கீங்க? பார்த்துட்டீங்களா? மனசு ஆறுச்சா?"

"உக்காரும்மா."

"நேரமாச்சுப்பா. மாத்திரை போடணும்."

"உக்காரு. ஒண்ணு கேக்கணும்." அவர் குரல் அமைதியாகத்தான் இருந்தது. "மேனேஜர் எப்படிம்மா செத்தான்? உன் வாயால இன்னொரு தடவை சொல்லு."

மகள் பெரியவளைப் பார்த்தாள். பெரியவள் கண்ணைத் திருப்பிக்கொள்ளவில்லை, கைகொடுக்கவும் இல்லை. மகள் தம்பியைத் தேடினாள். அவன் அங்கே இல்லை. வேன் நிற்கிற இடமும் காலியாக இருந்தது. அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லையோ, புரிய விரும்பவில்லையோ.

அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் எடுத்துக்கொண்டாள்.

"தூக்கத்துலயேப்பா. ஒரு கஷ்டமும் படல."

கடிகாரக்காரர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கைகளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வேன் வரவேண்டிய தெருப்பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"சரிம்மா. நான் இங்க கொஞ்ச நேரம் இருக்கேன். நீயும் கூட இரு."